விறகு பாய்லரில் மஞ்சள் வேக வைக்கிறீர்களா? டிரம்முடன் இணைக்கும் முன் இதைப் படியுங்கள்

தை பிறந்ததும் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கமும் கல்வராயன் மலை அடிவாரத்திலும் மஞ்சள் வெட்டு தொடங்கிவிடும். வெட்டிய மஞ்சளை 2, 3 நாட்களுக்குள் வேக வைத்துக் காயப்போட வேண்டும். தள்ளிப்போனால் கிழங்கு வாடும், நிறம் குறையும், விலையும் குறையும்.

முன்பெல்லாம் பெரிய கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளைக் கொட்டி, மேலே மஞ்சள் தழையை மூடி வேக வைத்தோம். இப்போது டிராக்டரில் இழுத்து வரும் விறகு பாய்லர் வந்துவிட்டது. பாய்லரில் தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி குழாய் வழியாக மஞ்சள் டிரம்முக்குள் போய் வேக வைக்கும். விறகு மிச்சம், நேரம் மிச்சம், ஆள் கூலியும் மிச்சம்.

ஆனால் கொப்பரைக்கும் பாய்லருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கொப்பரை திறந்த பாத்திரம். பாய்லர் மூடிய பாத்திரம். இணைப்பில் ஒரு தவறு நடந்தால் கொப்பரையில் தண்ணீர் பொங்கி வழியும். பாய்லர் என்றால் வெடிக்கும். சுற்றி நின்று வேலை பார்ப்பவர்கள் நம் வீட்டு ஆட்களும் நம் ஊர்க் கூலியாட்களும்தான். அதனால் பாய்லரை டிரம்முடன் எப்படிப் பாதுகாப்பாக இணைப்பது, எப்படி ஓட்டுவது என்று இங்கே பார்ப்போம். களமருதூர், உளுந்தூர்பேட்டை பக்கம் நெல் அவிக்கும் பாய்லருக்கும் இதே விதிகள்தான்.

விறகுத் தீக்கு சுவிட்ச் கிடையாது

எல்லா விதிகளுக்கும் அடிப்படை இதுதான். கரண்டு ஹீட்டரை சுவிட்சில் அணைக்கலாம். கேஸ் அடுப்பைத் திருகி அணைக்கலாம். விறகு அப்படி இல்லை. நீங்கள் ஆவி வால்வை மூடிய பிறகும் உலைக்குள் இருக்கும் கங்கு அரை மணி நேரம், ஒரு மணி நேரம் கூடச் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆவியும் உண்டாகிக்கொண்டே இருக்கும். போக வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும்.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க விறகு பாய்லர் வைத்திருக்கிறார்கள். கரண்டு போய் பம்பு நின்றாலும் தீ நிற்காது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் மேலே திறந்த தொட்டியோ, மிச்சச் சூட்டை வாங்கிக்கொள்ளும் பெரிய வெந்நீர்த் தொட்டியோ, பாதுகாப்பு வால்வோ இல்லாமல் அங்கே விறகு பாய்லரை இணைப்பதில்லை. நம் மஞ்சள் களத்துக்கும் அதே கணக்குதான்: தீ எரியும் வரை ஆவி வெளியேற ஒரு வழி திறந்தே இருக்க வேண்டும்.

அழுத்தத்தின் பலம் எவ்வளவு?

அழுத்தமானியில் முள் கொஞ்சம் ஏறினால் என்ன ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறோம். ஒரு கணக்கைப் பாருங்கள்.

60 செ.மீ. குறுக்களவு உள்ள டிரம் மூடியின் பரப்பு சுமார் 2,800 சதுர செ.மீ. டிரம்முக்குள் சதுர செ.மீ.க்கு 0.1 கிலோ அழுத்தம் இருந்தாலே அந்த மூடியை ஆவி 280 கிலோ பலத்தோடு தள்ளும். 0.5 கிலோ என்றால் 1,400 கிலோ. ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த நேரத்தில் கொக்கியைத் தட்டிவிட்டால் மூடி எங்கே போகும், எதிரில் நிற்பவர் என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள்.

பாய்லரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2 கிலோ அழுத்தத்தில் சுமார் 133 டிகிரி வரை சூடாகித் தண்ணீராகவே இருக்கும். பாய்லர் பிளந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாக மாறும். 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் வேண்டும். உள்ளே 100 லிட்டர் தண்ணீர் இருந்தால், அதில் 6 லிட்டர் நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 10,000 லிட்டராக விரியும். ஒரு தண்ணீர் லாரி அளவு ஆவி கண் இமைக்கும் நேரத்தில் வெளியே வருகிறது. பாய்லர் வெடிப்பு என்பது இதுதான்.

அதனால்தான் பழைய எண்ணெய் பேரலை வெல்டிங் வைத்து பாய்லர் செய்யவே கூடாது. பேரலின் தட்டையான அடியும் மூடியும் அழுத்தத்தைத் தாங்க உருவானவை அல்ல.

எங்கே நிறுத்துவது?

பாய்லர் வண்டி களத்துக்கு வந்ததும் முதலில் இடத்தைப் பாருங்கள்.

1. தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் நீர் மட்டக் கண்ணாடி பொய் சொல்லும். கண்ணாடியில் பாதி தெரிந்தாலும் மறுபக்கம் உள்ளே தண்ணீர் இல்லாமல் தகடு காயலாம். மலையடிவாரச் சரிவுகளில் இதை மிகவும் கவனியுங்கள்.

2. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை வையுங்கள்.

3. வைக்கோல் போர், கூரைக் கொட்டகை, காய்ந்த மஞ்சள் தழைக் குவியல் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. காற்று வீசும் திசையையும் பாருங்கள். புகைபோக்கியில் வரும் தீப்பொறி காற்றோடு போகும்.

4. மேலே மின் கம்பி போகும் இடத்தில் நிறுத்தாதீர்கள்.

5. நாலு பக்கமும் மூடிய கொட்டகைக்குள் உலை எரிக்காதீர்கள். விறகுப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு. ஆளை மயக்கி உயிரையே எடுத்துவிடும்.

6. சிறு பிள்ளைகள் வராத இடமாக இருக்கட்டும். பாய்லரைச் சுற்றிக் கயிறு கட்டி, வேலை செய்பவர் மட்டும் உள்ளே வரும்படி செய்யுங்கள்.

பாதுகாப்பு வால்வு: யாரும் கை வைக்கக் கூடாத பொருள்

பாய்லரின் தலையில் இருக்கும் சேஃப்டி வால்வுதான் கடைசிக் காவல். அழுத்தம் அளவைத் தாண்டினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடும். இதில் நடக்கும் தவறுகள் இவை.

வால்வு அடிக்கடி திறந்து ஆவி வீணாகிறது என்று மேலே கல் வைப்பது, கம்பி போட்டுக் கட்டுவது, ஸ்பிரிங்கை முறுக்குவது. இவை மூன்றுமே தற்கொலைக்குச் சமம். வால்வு திறக்கிறது என்றால் தீ அதிகம் அல்லது ஆவி போகும் வழி அடைத்திருக்கிறது என்று பொருள். விறகைக் குறையுங்கள், வழியைப் பாருங்கள். வால்வை விட்டுவிடுங்கள்.

பாய்லருக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவில் வேறு எந்தத் திருகு வால்வும் இருக்கக் கூடாது. யாராவது தெரியாமல் மூடிவிட்டால் கடைசிக் காவலும் போய்விடும். பாய்லர் கலத்தின் மேல் நேராகவே அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

வால்வின் வாய் ஆட்கள் நிற்கும் பக்கம் திரும்பி இருக்கக் கூடாது. குழாய் இணைத்து மேல்நோக்கியோ ஆள் இல்லாத பக்கமோ விடலாம். அந்தக் குழாய் வால்வின் வாயைவிடச் சிறுத்துப் போகக் கூடாது, முனையில் மூடி போடக் கூடாது. மழைநீர் தேங்காதபடி அடியில் ஒரு சிறு துளை இருக்கட்டும்.

தினமும் வேலை தொடங்கும்போது, கொஞ்சம் அழுத்தம் ஏறியதும், அதன் கைப்பிடியைத் தள்ளி நின்று தூக்கிப் பாருங்கள். சீறிக்கொண்டு ஆவி வந்து, விட்டதும் மூட வேண்டும். வரவில்லை என்றால் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. அன்று அந்த பாய்லரில் வேலை வேண்டாம்.

அழுத்தமானியும் முக்கியம். பாய்லர் குளிர்ந்திருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மாற்றுங்கள். பாய்லர் தகட்டில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தில் கண்ணாடி மேல் சிவப்பு பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்வார்.

பாய்லரையும் டிரம்மையும் இணைக்கும் குழாய்

பி.வி.சி. குழாய் கூடவே கூடாது. அது 60, 70 டிகிரிச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். ஆவி 100 டிகிரிக்கு மேல். சொட்டு நீர்ப் பாசன ஹோஸ், மருந்து அடிக்கும் ஸ்பிரேயர் ஹோஸ் இவற்றையும் அவசரத்துக்குக் கூடப் போடாதீர்கள். கனமான இரும்புக் குழாய் வேண்டும். வளைய வேண்டிய இடத்தில் ஆவிக்கென்றே விற்கும் ஹோஸ் போட்டு, தரமான கிளாம்ப் இரண்டு பக்கமும் இறுக்க வேண்டும். கட்டுக்கம்பி போதாது.

இரும்பு சூட்டில் நீளும். 6 மீட்டர் குழாய் 30 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்குப் போனால் 6 மி.மீ.க்கு மேல் நீளும். இரண்டு பக்கமும் அசையாமல் இறுக்கிவிட்டால் மூட்டில் விரிசல் விடும். நடுவில் ஒரு வளைவோ ஒரு துண்டு ஆவி ஹோஸோ இருந்தால் இந்த நீட்சியை அது வாங்கிக்கொள்ளும்.

குழாய் பாய்லரிலிருந்து டிரம் பக்கம் சற்றே இறங்கிப் போக வேண்டும். குழாயில் குளிர்ந்த ஆவி தண்ணீராகும். குழாய் நடுவில் தொங்கினால் அங்கே அந்தத் தண்ணீர் தேங்கும். அடுத்த முறை வால்வைத் திறக்கும்போது வேகமாக வரும் ஆவி அந்தத் தண்ணீரை உருட்டிக்கொண்டு போய் வளைவில் மோதும். டம் டம் என்று அடிக்கிற சத்தம் அதுதான். அந்த அடியில் வால்வே உடையலாம். தாழ்வான இடம் தவிர்க்க முடியாவிட்டால் அங்கே ஒரு வடிகால் வால்வு வைத்து, ஆவி விடும் முன் தண்ணீரை இறக்கிவிடுங்கள்.

ஆவி வால்வை எப்போதும் மெதுவாகத் திறக்க வேண்டும். முதலில் கால் சுற்று. குழாய் சூடாகும் வரை காத்திருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம்.

ஆள் நடக்கும் இடத்தில் குழாய் போனால் கண்ணாடி நார் சுற்றிவிடுங்கள். கையும் காலும் சுடாது, சூடும் வீணாகாது.

டிரம்மில் கவனிக்க வேண்டியவை

மஞ்சள் வேக அழுத்தம் தேவையில்லை. 100 டிகிரி ஆவி பட்டால் போதும். அதனால் டிரம் காற்றுப் புகாமல் மூடிய பாத்திரமாக இருக்கக் கூடாது. மூடியில் ஆவி வெளியேற ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அந்த வழிக்கு வால்வு வேண்டாம். மஞ்சள் துண்டு, வேர், மண் போய் அடைத்துக்கொள்ளாதபடி உள்பக்கம் சல்லடை வைத்து, ஒவ்வொரு ஈடுக்கும் பார்த்துவிடுங்கள்.

டிரம்மின் அடியில் வடிகால் வேண்டும். மஞ்சளில் பட்ட ஆவி தண்ணீராகி அடியில் சேரும். அது தேங்கினால் அடியில் உள்ள மஞ்சள் குழைந்துவிடும். பாய்லர் குளிரும்போது அந்தத் தண்ணீர் பாய்லருக்குள் உறிஞ்சப்படவும் கூடும்.

மூடியைத் திறக்கும் முறை இது. முதலில் அந்த டிரம்முக்கு வரும் ஆவி வால்வை மூடுங்கள். மேல் வழியாக ஆவி சீறுவது நிற்கும் வரை பொறுங்கள். பக்கவாட்டில் நின்று, மூடியின் தூரத்து விளிம்பை முதலில் தூக்குங்கள். ஆவி உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கம் போகும். முழுக்கை சட்டை, கனமான கையுறை, செருப்புக்குப் பதில் மூடிய காலணி போட்டிருந்தால் நல்லது. சேலை முந்தானை, லுங்கி, துண்டு தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

மறக்கக் கூடாத விதி ஒன்று: ஒரு டிரம்மை மூடும் முன் அடுத்த டிரம்மைத் திறங்கள். இரண்டு, நான்கு டிரம் உள்ள பாய்லரில் வெந்த டிரம்மின் வால்வை முதலில் மூடிவிட்டு, அடுத்த டிரம்மில் மஞ்சள் கொட்டிக்கொண்டிருப்போம். அந்த ஐந்து, பத்து நிமிடம்தான் அழுத்தம் ஏறும் நேரம். அடுத்த டிரம்மை முன்பே நிரப்பி வைத்து, அதன் வால்வைத் திறந்த பிறகே இதை மூடுங்கள். ஒரே டிரம் என்றால், ஆவியை வெளியே விடும் தனிக் குழாய் ஒன்று இருக்க வேண்டும்.

தண்ணீர் குறைந்தால்?

100 கிலோ பச்சை மஞ்சளை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டு வரக் கணக்குப்படி சுமார் 12 லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். டிரம் சூடாவதும், மூடி வழியாக வீணாவதும் சேர்ந்தால் 15 முதல் 20 லிட்டர். 10 டிரம் வேக வைத்தால் 200 லிட்டர் வரை போய்விடும். பேச்சு சுவாரசியத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் பாய்லர் காய்ந்துவிடும்.

நீர் மட்டக் கண்ணாடியை ஒவ்வொரு ஈடுக்கும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: முழுக்க நிரம்பிய கண்ணாடியும் முழுக்கக் காலியான கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் வந்தால் கண்ணாடியின் அடி வால்வைத் திறந்து மூடுங்கள். தண்ணீர் இறங்கி மறுபடி ஏறினால் சரி. ஆவி மட்டும் வந்தால் தண்ணீர் இல்லை.

அப்படித் தண்ணீர் குறைந்துவிட்டது தெரிந்தால் பலரும் செய்யும் தவறு, பதறிப்போய் உடனே தண்ணீர் விடுவது. இதைச் செய்யவே கூடாது. காய்ந்து சிவந்த தகட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஒரே நொடியில் ஆவி கிளம்பும், தகடும் பிளக்கும். செய்ய வேண்டியது இதுதான்:

1. ஆட்கள் எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

2. தண்ணீர் விடாதீர்கள். வால்வுகளைத் திடீரென்று திறக்கவோ மூடவோ வேண்டாம்.

3. உலையில் தயாராக வைத்திருக்கும் மணல் அல்லது ஈரச் சாம்பலைப் போட்டு தீயை அமுக்குங்கள். காற்று புகும் கதவை மூடுங்கள். தீ மேல் வாளித் தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

4. பாய்லர் முழுக்கக் குளிரும் வரை யாரும் அருகில் போக வேண்டாம். குளிர்ந்த பிறகு தகடு கோணியிருக்கிறதா, கசிகிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பார்த்த பிறகே மறுபடி பற்ற வையுங்கள்.

இதற்காகவே இரண்டு சட்டி மணல் உலைப் பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும்.

தண்ணீர் ஏற்றும் குழாய்

மேலே ஒரு டேங்க் வைத்து, அதிலிருந்து தானாகத் தண்ணீர் இறங்கும்படி சிலர் இணைக்கிறார்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம் கொடுக்கும். 3 மீட்டர் உயரத்தில் உள்ள டேங்க் 0.3 கிலோதான் கொடுக்கும். பாய்லரில் அழுத்தம் அதைத் தாண்டினால் தண்ணீர் இறங்காது. மாறாக, பாய்லரின் கொதிநீர் டேங்குக்கு ஏறும். அதனால் பாய்லரின் அழுத்தத்தை மீறித் தள்ளக்கூடிய பம்பு வேண்டும். கரண்டு போனால் பயன்பட ஒரு கைப்பம்பும் இருந்தால் நல்லது. எதுவானாலும் பாய்லருக்கு அருகில், தண்ணீரைத் திரும்ப வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம்.

போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கொதிக்கக் கொதிக்க அந்த உப்பு தகட்டில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு போர்வை மாதிரி. சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் தகட்டைச் சுட்டுவிடும். விறகும் அதிகம் செலவாகும். கிணற்று நல்ல தண்ணீரோ மழைநீரோ கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். பாய்லர் அடியில் உள்ள வடிகால் வால்வை, தீ அணைந்து அழுத்தம் நன்றாகக் குறைந்த பிறகு தினமும் சிறிது நேரம் திறந்து சேற்றை வெளியேற்றுங்கள்.

தீ வைப்பதும் அணைப்பதும்

பற்ற வைக்கும்போது மேலே உள்ள காற்று வால்வு திறந்திருக்கட்டும். உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, ஆவி மட்டும் நிதானமாக வரத் தொடங்கியதும் மூடுங்கள். முதலில் சிறு தீ. எடுத்த எடுப்பில் உலை நிறையக் கட்டை போடாதீர்கள்.

எரிபொருளில் வித்தியாசம் உண்டு. தென்னை மட்டை, மக்காச்சோளத் தட்டை, மரவள்ளிக் குச்சி போன்றவை குப்பென்று எரிந்து அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும். சவுக்கு, சீமைக் கருவேலம் போன்ற கட்டைகள் நிதானமாக எரியும், ஆனால் கங்கு நெடுநேரம் நிற்கும். இரண்டையும் அறிந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்வராயன் மலையின் காப்புக்காட்டில் விறகு வெட்டுவது குற்றம். நம் வயல் ஓரத்து விறகே போதும். டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள். புகை நச்சு, மஞ்சளிலும் நாற்றம் ஏறும்.

கடைசி ஈடு வேகும் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள். மிச்சக் கங்கிலேயே அது வெந்துவிடும். அந்த ஆவிக்கும் டிரம் வழி இருக்கும். எல்லாம் முடிந்து அழுத்தமானி பூஜ்யத்துக்கு வந்ததும் மேல் காற்று வால்வைத் திறந்துவிடுங்கள். திறக்காவிட்டால் உள்ளே மிஞ்சிய ஆவி குளிர்ந்து சுருங்கி வெற்றிடம் உண்டாகும். அது டிரம்மில் உள்ள அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும். மெல்லிய தகடாக இருந்தால் நசுங்கவும் செய்யும்.

மஞ்சள் வெந்ததை எப்படி அறிவது?

பாதுகாப்பு என்று அவசரப்பட்டு அரைவேக்காட்டில் எடுத்தாலும் நஷ்டம்தான். விரலியையும் கிழங்கையும் தனித்தனியாக வேக வையுங்கள். கொப்பரைத் தண்ணீரில் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் ஆகும். ஆவியில் அதைவிடச் சீக்கிரம் வெந்துவிடும். கடிகாரத்தை மட்டும் நம்பாமல், ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்க வேண்டும். விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். அதிகம் வெந்தால் நிறம் கெடும். குறைவாக வெந்தால் காய்ந்தபின் நொறுங்கும், பூச்சி பிடிக்கும். பிறகு சுத்தமான களத்தில் 5 முதல் 7 செ.மீ. கனத்தில் பரப்பி, 10 முதல் 15 நாள் காய வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்த பிறகுதான் இந்தியாவில் பாய்லர் பரிசோதனைக்குச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1923-ல் நாடு முழுவதற்குமான சட்டமும், 2025-ல் அதற்குப் பதிலாகப் புதிய கொதிகலன்கள் சட்டமும் வந்தன. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு, சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்குக் குறைந்த அழுத்தம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. இரண்டையும் தாண்டிய நீராவி பாய்லர் பதிவு பெற்று, ஆய்வுச் சான்று வைத்திருக்க வேண்டும்.

நாம் பாய்லரை வாடகைக்குத்தான் எடுக்கிறோம் என்று விட்டுவிடாதீர்கள். வாடகை பேசும்போதே கேளுங்கள்: பாய்லரில் தயாரிப்பாளர் தகடு இருக்கிறதா? உச்ச அழுத்தம் எவ்வளவு? சான்று எந்தத் தேதி வரை? ஓட்டுபவர் பயிற்சி பெற்றவரா? எங்காவது வெல்டிங் ஒட்டு இருக்கிறதா, அதைச் செய்தது யார்? பதில் சரியில்லை என்றால் ஒரு நாள் தள்ளிப்போனாலும் வேறு பாய்லர் பாருங்கள்.

அரை ஏக்கர், ஒரு ஏக்கர் மட்டும் மஞ்சள் போட்டவர்களுக்கு ஒரு யோசனை. அகலமான திறந்த தொட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, துளையிட்ட பெட்டியில் மஞ்சளைப் போட்டு இறக்கி எடுக்கும் முறை உண்டு. அதில் அழுத்தமே கிடையாது. ஒரே தண்ணீரில் பல ஈடு எடுக்கலாம். வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் வெடிக்கும் பயம் இல்லை. எந்த முறை உங்களுக்குப் பொருந்தும் என்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ வேளாண்மைப் பொறியியல் துறையிலோ கேளுங்கள். 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணிலும் கேட்கலாம்.

ஆவி பட்டுவிட்டால்

ஆவிச் சூடு கொதிநீரைவிட ஆழமாகச் சுடும். உடனே சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். வளையல், மோதிரம், கொலுசு இவற்றை வீக்கம் வரும் முன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பேஸ்ட், மை, எண்ணெய், மஞ்சள், மாவு எதுவும் தடவ வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி 108-ஐ அழையுங்கள். முகத்தில் பட்டாலோ, ஆவியை மூச்சில் இழுத்திருந்தாலோ, வெளியே காயம் சிறிதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். தீ பரவினால் 101.

பற்ற வைக்கும் முன் ஒரு நிமிடம்

இந்த ஏழையும் ஒரு அட்டையில் எழுதி பாய்லரில் தொங்கவிடுங்கள்.

1. வண்டி சமமாக நிற்கிறதா?
2. கண்ணாடியில் தண்ணீர் தெரிகிறதா, வால்வைத் திறந்து சோதித்தாயிற்றா?
3. சேஃப்டி வால்வு கட்டில்லாமல், கல் இல்லாமல் இருக்கிறதா?
4. அழுத்தமானி முள் பூஜ்யத்தில் நிற்கிறதா?
5. குழாய் மூட்டு, கிளாம்ப் இறுக்கமா, வடிகாலில் தண்ணீர் இறக்கியாயிற்றா?
6. ஒரு டிரம்மாவது ஆவிக்குத் திறந்திருக்கிறதா, மூடியின் வழி அடைக்காமல் இருக்கிறதா?
7. மணல் சட்டி பக்கத்தில் இருக்கிறதா, பிள்ளைகள் தள்ளி இருக்கிறார்களா?

ஏழுக்கும் ஆமாம் என்று பதில் வந்த பிறகு தீக்குச்சியை உரசுங்கள். பாய்லரைக் கவனிக்க ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். அவருக்கு மூட்டை தூக்கும் வேலை கொடுக்காதீர்கள். ஒரு ஆள் கூலி கூடுதலாகும். ஒன்பது மாதம் பாடுபட்ட மஞ்சளும், அதை வேக வைக்க வந்தவர்களும் பத்திரமாக வீடு சேர அந்தச் செலவு தாராளமாகத் தகும்.